நாலு நிமிஷ உத்தியோகம்

கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாதவன் அரசாங்க அலுவலகத்துக்குள் கால் வைக்கவே கூடாது. நம் ஃபிட்டருக்கு இது தெரியாது. ஐம்பத்தொரு வயது வரைக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு சொல்லித் தந்தார்கள். நன்றாகவே சொல்லித் தந்தார்கள்.

அவர் ஒரு பிஸ்கட் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பாக்கிங் மிஷினைப் பார்த்துக்கொண்டவர். பொட்டலம் சுற்றும் காகிதம் உருளையில் ஒரு நூல் அளவு நழுவினால் போதும், மிஷினுக்கு முதுகைக் காட்டி டீ குடித்துக்கொண்டிருந்தாலும் திரும்பிப் பார்ப்பார். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, வீட்டுக்காரர் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஃபிட்டர்தான். ஒரு திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டில் பூட்டுத் தொங்கியது. மிஷின்களை முதலாளி ஞாயிற்றுக்கிழமையே லாரியில் ஏற்றி வேறெங்கோ அனுப்பிவிட்டார். மிஷினோடு ஃபிட்டரையும் ஏற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டில் அவரும் மனைவியும்தான், பிள்ளைகள் இல்லை. மனைவி ஒரு தையல் கடைக்குச் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி அவளுக்கு இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணைப் பரிசோதித்த டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"போன பார்வை திரும்பாதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம். மூணு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும். அதுக்கு மேல தள்ளிப்போட்டுட்டு வந்து என்னைக் கேக்காதீங்க."

ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருந்த பெண் இன்னொன்று சொன்னாள். வேலையின்மை உதவி வாங்குகிறவரின் குடும்பத்துக்கு ஆபரேஷன் இலவசம், ஒப்புதல் கடிதத்தைக் காட்டினால் அன்றைக்கே படுக்கை. கடிதம் இல்லாவிட்டால் எவ்வளவு ஆகும் என்று ஃபிட்டர் கேட்டார். அவள் சொன்ன தொகையை அவர் மனைவியிடம் கடைசிவரை சொல்லவில்லை.

ஆக, வேண்டியது ஒரே ஒரு கடிதம். தொண்ணூறு நாள் கையில் இருக்கிறது. சுவர்க் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு ஃபிட்டர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வேலையின்மை உதவி அலுவலகத்தின் கூடத்தில் இருநூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஆறு கவுன்ட்டர்களிலும் ஆட்கள் இருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சுவரில் 'டோக்கன் இன்றி கவுன்ட்டரை அணுகாதீர்' என்று ஒரு பலகை, அதன் கீழே 'உங்கள் பொறுமையே எங்கள் வெற்றி' என்று இன்னொரு பலகை. வாசல் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு டோக்கன் மிஷின். பித்தானை அமுக்கினால் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வரும், டோக்கன் வராது.

"எத்தனை நாளா இப்படி?" என்று பக்கத்தில் நின்றவரிடம் ஃபிட்டர் கேட்டார்.

"மூணு நாளா." அந்த ஆள் சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர். தியேட்டரை இடித்தார்கள், அடுத்துப் போன இடத்தில் தானாகவே சீட்டுப் பார்க்கும் கதவு வந்தது, இப்படியே மூன்று முறை வேலை போனவர். கூடத்தில் எல்லோரும் அவரை 'டிக்கெட்' என்றுதான் கூப்பிட்டார்கள். "ரிப்பேர் பண்ண மேலிடத்துக்கு எழுதியிருக்காங்களாம். நின்னு பழகிக்குங்க."

"கவுன்ட்டர்ல ஆளுங்க சும்மாத்தானே இருக்காங்க?"

"டோக்கன் நம்பர் வராம எப்படிக் கூப்பிடுவாங்க? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

ஃபிட்டருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவர் காது அந்த 'கிர்ர்' சத்தத்திலேயே இருந்தது. உருளை நழுவுகிறது, உருளையைக் காகிதத்தோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். பிஸ்கட் கம்பெனி மிஷினுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கழற்றி உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்தார். ஒரு நாணயத்தால் பக்கவாட்டு மூடியின் திருகைத் திருகினார். நாலு நிமிடம் ஆகியிருக்கும். பித்தானை அமுக்கினார், 'டக்' என்று டோக்கன் வந்து விழுந்தது. நம்பர் ஒன்று.

கூடமே கைதட்டியது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் மட்டும் தட்டவில்லை. மூன்றாவது கவுன்ட்டரில் இருந்த அம்மாள் பாதி உரித்த பழத்தைக் கீழே வைத்துவிட்டு ஃபிட்டரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொந்த வீட்டில் திருடு கொடுத்தவர்கள்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் கதை அன்றைக்குத்தான் ஆரம்பமானது.

ஒன்றாம் நம்பரை அந்த அம்மாள்தான் கூப்பிட்டார். நான்கு பக்க விண்ணப்பத்தை நீட்டினார். ஸ்பிரிங் இல்லாத ஃபிட்டரின் பேனாவில் முனை வெளியே நிற்காததால், கவுன்ட்டரில் கயிறு போட்டுக் கட்டியிருந்த பேனாவால் குனிந்து நின்று நிரப்பினார். பதினான்காவது கேள்வியில் கை நின்றது. 'கடந்த ஏழு நாட்களில், ஊதியத்துடனோ ஊதியமின்றியோ, ஏதேனும் வேலை செய்தீர்களா?'

"மேடம், இதுக்கு இல்லைன்னு எழுதிடவா?"

"உண்மையைத்தான் எழுதணும். பொய் எழுதினா ஜெயில்னு கீழ போட்டிருக்கு பாருங்க. என் கண்ணு முன்னாடியே மிஷினைக் கழட்டி மாட்டிட்டு, இல்லைன்னு எழுதுறதுக்கு எப்படித்தான் மனசு வருதோ!"

ஃபிட்டர் உண்மையை எழுதினார். 'ஆம். டோக்கன் மிஷின் சரி செய்தேன். நாலு நிமிடம்.'

வெளியே வந்ததும் டிக்கெட்டிடம் சொன்னார். டிக்கெட் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப் பாவி மனுஷா! இந்த ஆபீஸ் கட்டின நாள்லேருந்து பதினாலாம் கேள்விக்கு ஆமான்னு எழுதின மொத ஆள் நீங்கதான். இங்க வந்தா ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கணும், ஒண்ணும் செய்யாத மாதிரி உக்காரணும். உள்ள இருக்கறவங்களைப் பாத்தாவது கத்துக்க வேணாமா?"

பதினாறாம் நாள் முதல் கடிதம் வந்தது. ஃபிட்டருக்கு எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் அலுவலகக் கடிதம் என்றால் முதல் வரியிலேயே மூச்சு வாங்கும். மனைவிதான் அதையெல்லாம் தெளிவாகப் படிப்பாள். ஜன்னல் பக்கம் போய், கடிதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"விண்ணப்பதாரர் வேலை செய்துள்ளதாகத் தாமே ஒப்புக்கொண்டுள்ளபடியால் அவர் வேலையற்றவர் எனக் கருத இயலாது. கடைசியாக வேலை செய்த இடத்திலிருந்து விடுவிப்புச் சான்று பெற்றுச் சமர்ப்பிக்க வேண்டியது." அவள் நிமிர்ந்தாள். "கடைசியா வேலை செஞ்ச இடம்னு அவங்க ஆபீஸ் பேரையே போட்டிருக்காங்க. தப்பா அடிச்சிருப்பாங்களோ?"

தப்பா அடிக்கவில்லை. மறுநாள் காலை சரிபார்ப்பு அதிகாரி இதை நேரிலேயே உறுதி செய்தார். பளபளவென்று இஸ்திரி போட்ட சட்டை, மேஜை மேல் ஒரு தூசி இல்லை, ஒரு காகிதமும் இல்லை.

"உக்காருங்க, உக்காருங்க. நீங்களும் ஒரு வகையில நம்ம ஸ்டாஃப்தான். சட்டப்படி இந்த ஆபீஸ்தான் உங்க கடைசி முதலாளி. பெருமைப்படணும் நீங்க. இந்த வேலைக்கு எத்தனை பேர் தவம் கிடக்கறாங்க தெரியுமா?"

"சார், நான் ஒரு ஸ்பிரிங் மாட்டினேன், அவ்வளவுதான். எனக்கு விடுவிப்புச் சான்று குடுத்துட்டீங்கன்னா..."

"அது நிர்வாகப் பிரிவு குடுக்கணும். நான் சரிபார்ப்புப் பிரிவு. நான் அவங்களுக்கு எழுதிக் கேக்கணும், அவங்க இருபத்தியோரு நாளுக்குள்ள பதில் சொல்லணும்."

"நிர்வாகப் பிரிவுல யாரு சார் பாக்கறாங்க?"

"நான்தான். கூடுதல் பொறுப்பு."

அவர் சொன்னபடியே செய்தார். அந்த மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினார், கையெழுத்துப் போட்டார், உறையிலிட்டு ஒட்டினார், மணி அடித்தார். கடைநிலை ஊழியர் ஒருவர் வந்து உறையை எடுத்துக்கொண்டு வராந்தா முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, அதே அறையின் இன்னொரு கதவு வழியாக உள்ளே வந்து, ஜன்னலோரம் இருந்த இன்னொரு மேஜையில் வைத்தார். அதிகாரி எழுந்து போய் அந்த மேஜையில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு உறையைப் பிரித்துப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"என்ன திமிரு பாருங்க! 'உடனடியாக அனுப்பி வைக்கவும்'னு எழுதியிருக்கான். நிர்வாகப் பிரிவை என்ன வீட்டு வேலைக்காரன்னு நெனைச்சுட்டானா இந்தச் சரிபார்ப்பு? இதுக்கு இருபத்தியோராம் நாள் சாயங்காலம்தான் பதில். அதுக்கு முன்னாடி ஒரு வரி குடுக்க மாட்டேன்."

"சார், என் வீட்டுக்காரிக்குக் கண்ணு ஆபரேஷன். இன்னும் எழுபத்து மூணு நாள்தான் இருக்கு."

அதிகாரிக்கு மனசு இளகியது. எழுந்து பழைய மேஜைக்கு வந்து உட்கார்ந்து சொன்னார். "சரிபார்ப்பு அதிகாரியா உங்க கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுது. ஆனா நிர்வாகத்துல இருக்கறவன் ஒரு மாதிரி. நான் என்ன செய்ய?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் ஒரே ஆளாக இருந்து ஒரே சம்பளம் வாங்கினார்கள்.

சொன்னபடியே இருபத்தியோராம் நாள் சாயங்காலம் பதில் கிளம்பியது. தபாலில் வீட்டுக்கு வர நாற்பதாம் நாள் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை மனைவி மூக்குக்கு நேரே பிடித்து, முகத்தை இடமிருந்து வலமாக நகர்த்தி நகர்த்திப் படித்தாள். ஒருவரை விடுவிக்க வேண்டுமென்றால் முதலில் நியமித்திருக்க வேண்டும், நியமன ஆணை எதுவும் கோப்பில் இல்லை, ஆணை இல்லாமல் நாலு நிமிடம் பணியாற்றியது எப்படி என்று விசாரணை நடத்தப்படும்.

"லைட்டு மங்கலா எரியுதுங்க" என்று மனைவி சொன்னாள். லைட் நன்றாகத்தான் எரிந்தது. ஃபிட்டர் ஸ்டூலில் ஏறி பல்பைத் துடைத்தார்.

இதற்கிடையில் அவர் கடை கடையாக ஏறி வேலையும் தேடினார். நாற்பத்து நான்காம் நாள் ஓர் அதிசயம் நடந்தது. குளிர்பானம் பாட்டிலில் அடைக்கும் பட்டறை ஒன்றில், லேபிள் ஒட்டும் மிஷினை ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டு, "இடது பக்கத்து பேரிங் தேஞ்சிருக்கு" என்றார். பட்டறைக்காரர் ஆடிப்போய்விட்டார். வருடம் ஒன்றாக அந்த மிஷின் அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கே வந்துடுங்க ஃபிட்டர். சம்பளம் முன்ன பின்ன இருந்தாலும் வைத்தியச் செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும். கடைசியா வேலை பாத்த இடத்துல விடுவிச்சதா ஒரு பேப்பர் மட்டும் கொண்டாங்க. போன வருஷம் இன்னொரு கம்பெனி ஆளை எடுத்துட்டு கோர்ட்டு வரைக்கும் அலைஞ்சேன்."

ஃபிட்டர் ஓடினார் என்றே சொல்லவேண்டும். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சந்தோஷமான விஷயம். ஆனா இங்க உங்க மேல விசாரணை இருக்கும்போது இன்னொரு இடத்துக்கு எப்படிப் போவீங்க? அது ஒழுங்கீனம். நல்லவேளை, முன்கூட்டியே வந்து சொன்னீங்க."

சொன்னதைக் கோப்பிலும் எழுதிக்கொண்டார். பட்டறைக்காரர் ஒரு வாரம் காத்திருந்தார். பிறகு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். அந்த ஆளுக்கு பேரிங்குக்கும் பொரி உருண்டைக்கும் வித்தியாசம் தெரியாதாம், ஆனால் பேப்பர் இருந்ததாம்.

ஐம்பத்திரண்டாம் நாள் விசாரணை. நீண்ட மேஜையின் நடுவில் சரிபார்ப்பு அதிகாரி, அவரேதான் நிர்வாக அதிகாரியும் என்பதால் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. சாட்சியாக மூன்றாவது கவுன்ட்டர் அம்மாள், ஓரத்தில் குறிப்பெடுக்க ஓர் எழுத்தர். ஃபிட்டர் நின்றுகொண்டிருந்தார்.

"குற்றச்சாட்டு ஒண்ணு" என்று அதிகாரி ஆரம்பித்தார். "நீங்க அனுமதி இல்லாம வேலை செஞ்சிருக்கீங்க. இது சாதாரண விஷயம் இல்ல. இந்த ஆபீஸ்ல நான் இருபத்தாறு வருஷமா இருக்கேன். நான் ஏதாவது வேலை செஞ்சேன்னு இதுவரைக்கும் என் மேல ஒரு புகார் வந்திருக்கா? மேடத்தைக் கேளுங்க."

"வந்ததே இல்ல சார்" என்றார் அம்மாள்.

"குற்றச்சாட்டு ரெண்டு. நாலு நிமிஷம் வேலை பாத்துட்டு, யார்கிட்டயும் சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போயிட்டீங்க. அன்னிலேருந்து இன்னிவரைக்கும் ஐம்பத்தியோரு நாள் ஆப்சென்ட்."

"சார், நான் வேலையில்லாதவன் சார். உதவி கேட்டு வந்தவன்."

"அதைத்தானே இங்க விசாரிக்கிறோம்? குற்றச்சாட்டு மூணு, இதுதான் முக்கியமானது. மிஷின் நின்னு கிடந்த மூணு நாள்ல இந்த ஆபீஸ் எத்தனை விண்ணப்பத்தை நிராகரிச்சது தெரியுமா? ஒண்ணுகூட இல்ல. யாரோட வயித்திலயும் நாங்க அடிக்கல. நீங்க சரி பண்ணின அன்னிக்கு மட்டும் நூத்திப் பத்து பேரை நிராகரிச்சோம். அந்த நூத்திப் பத்து குடும்பத்தோட பாவம் யாரைச் சேரும்? எங்களையா?"

ஒரு கணம் அந்தப் பாவம் தன்னைத்தான் சேரும் என்று ஃபிட்டருக்கே தோன்றிவிட்டது. நல்ல மனுஷனைப் பிடித்து நிற்கவைத்து நாலு பேர் கேள்வி கேட்டால் அப்படித்தான் தோன்றும்.

"அன்னிக்கு எனக்கு மணிக்கட்டு வீங்கிப் போச்சு சார்" என்று அம்மாள் கையைத் தூக்கிக் காட்டினார். "நிராகரிக்கப்பட்டதுன்னு சீல் குத்திக் குத்தி. மூணு நாள் லீவு போட்டேன். இவருக்கு ஈரமே கிடையாதா?"

அதிகாரி அம்மாளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஃபிட்டரைப் பார்த்தார். "அந்த ஸ்பிரிங் யாருது?"

"என்னோடதுங்க. என் பேனாவுல இருந்தது."

அதிகாரி எழுத்தருக்குச் சொல்லிக்கொண்டே போனார். "அரசு இயந்திரத்தினுள் வெளிப்பொருள் ஒன்றை அனுமதியின்றிச் செலுத்தினார். அப்பொருள் தமக்கே சொந்தமானது என ஒப்புக்கொண்டார். அலுவலகத்துக்கு அதில் எவ்வித உரிமையும் இல்லை. எழுதிட்டியா? கையெழுத்துப் போடுங்க ஃபிட்டர்."

கயிறு கட்டிய பேனாவால் அவர் கையெழுத்துப் போட்டார். பிரதி ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அறுபதாம் நாள் பணிநீக்க ஆணை வந்தது. வேலை போன கடிதத்தைக் கண்டு புருஷனும் பெண்டாட்டியும் சந்தோஷப்பட்டது உலகத்திலேயே அந்த வீட்டில் மட்டும்தான் இருக்கும். இனி அவர் வேலையற்றவர், அதற்கு எழுத்துப்பூர்வமான அத்தாட்சி இருக்கிறது. மனைவி கடிதத்தை வாங்கி, இந்த முறை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகாமல் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, தங்குதடையில்லாமல் படித்தாள்.

"விண்ணப்பதாரர் பணியிலிருந்து நீக்கப்பட்டபடியால், அவருக்கு உதவி உடனே வழங்கப்பட வேண்டியது. எந்தத் தடையும் இல்லைன்னு போட்டிருக்காங்க. பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே?"

ஃபிட்டர் குனிந்து பார்த்தார். அவள் விரித்து வைத்திருந்தது கடிதத்தின் பின்பக்கம். அதில் ஒரு எழுத்தும் இல்லை.

அவர் கடிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்களுக்கு ஆறு வாரம் கழித்தே உதவி பரிசீலிக்கப்படும் என்று எழுதியிருந்தது. காலண்டரைப் பார்த்தார். ஆறு வாரம் பென்சில் வட்டத்தைத் தாண்டிப் பன்னிரண்டு நாள் போய் நின்றது. அன்றைக்கு அவருக்கு வந்த அழுகையை வாய்விட்டு அழ முடியவில்லை. கண் தெரியாவிட்டாலும் அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தார். டாக்டரின் காலில் விழாத குறை. டாக்டர் நல்லவர், நான் பண்ணத் தயார் என்றார். கவுன்ட்டரில் இருந்த பெண் கடிதம் எங்கே என்றாள். தன் டூல் பெட்டியை விற்றார். அது ஒரு மாதச் சொட்டு மருந்துக்குப் போதுமானதாக இருந்தது.

நூற்று நான்காம் நாள் ஒப்புதல் கடிதம் வந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுக்கையும் கிடைத்தது, அந்தப் பெண் வாக்குத் தவறவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, படுக்கை வேண்டாம் என்று நர்ஸிடம் சொன்னார்.

உதவி வாங்குகிறவர்கள் வாரத்துக்கு ஒரு நாள் நேரில் வந்து, இன்னும் வேலையில்லை என்று படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் பெயர் அடிபட்டுப் போகும். அடுத்த வாரம் ஃபிட்டர் மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். தனியாக விட்டுவிட்டு வர முடியவில்லை, முந்தின நாள்தான் அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டிருந்தாள். மிஷின் 'டக்' என்று டோக்கன் கொடுத்தது. நூற்றுப் பதினொரு நாளாக அந்த ஸ்பிரிங் ஒரு முறைகூடத் தவறவில்லை.

மூன்றாவது கவுன்ட்டர் அம்மாள் படிவத்தை நீட்டினார். ஃபிட்டர் இப்போது படித்த ஆள். பதினான்காவது கேள்விக்கு 'இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். பதினைந்தாவது கேள்வி, 'உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் முழுநேரக் கவனிப்புத் தேவைப்படுகிறதா?' அதற்கும் 'இல்லை' என்றே எழுதப் போனார்.

"உண்மையைத்தான் எழுதணும்" என்றார் அம்மாள், அவர் தோளைப் பற்றிக்கொண்டு நின்றவளைப் பார்த்துக்கொண்டே.

பத்து நிமிடத்தில் இருவரும் அதிகாரி முன்னால் இருந்தார்கள். அதிகாரி எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் சொன்னார். பதில் வராததால் உட்கார்ந்துகொண்டார்.

"வாங்கம்மா. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்க. உங்க விஷயத்துல அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான் ஆறு வாரம் முடிஞ்ச ரெண்டாம் நாளே ஒப்புதல் குடுத்தேன். நிர்வாகத்தோட எவ்வளவு சண்டை போட்டேன்னு எனக்குத்தான் தெரியும்." அவர் படிவத்தைப் புரட்டினார். "ஆனா இப்ப ஒரு சின்னச் சிக்கல். இந்த உதவி, வேலை கிடைச்சா உடனே கிளம்பத் தயாரா இருக்கறவங்களுக்குத்தான். இவர் உங்களைப் பாத்துக்கணும். அது முழுநேர வேலை. ஊதியம் இல்லாட்டியும் வேலை வேலைதானே? அதனால இவரை வேலையற்றவர்னு நான் எப்படி எழுத முடியும், சொல்லுங்க?"

"அப்ப நான் செத்துட்டா இவருக்குக் குடுப்பீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

அதிகாரி கேள்வியை மதித்து யோசித்தார். "மறுபடி மொதல்லேருந்து விண்ணப்பிக்கலாம்மா. தாராளமா."

ரத்து ஆணையில் அவரே கையெழுத்துப் போட்டார், முழுநேர வேலை கிடைத்ததற்கு அவரே வாழ்த்தும் சொன்னார்.

கூடத்துக்கு வந்தபோது மணி பத்தே முக்கால். மிஷின் முன்னால் நூற்றைம்பது பேர் நின்றார்கள். இரண்டாவதாக டிக்கெட் நின்றார். "ஃபிட்டர், நல்லவேளை சீக்கிரம் வந்துட்டேன். பன்னெண்டுக்குள்ள படிவம் குடுக்கலைன்னா என் பேரை அடிச்சிடுவாங்க. இந்த வாரம்தான் கடைசி எச்சரிக்கை. உங்க புண்ணியத்துல மிஷின் ஓடுது" என்று சிரித்தார்.

ஃபிட்டர் மனைவியைச் சுவரோரமாக நிற்க வைத்தார். பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தார். மிஷினின் பக்கவாட்டுத் திருகைத் திருகினார்.

"யோவ், என்ன பண்றே?" என்று காவலாளி ஓடி வந்தான்.

ஃபிட்டர் சட்டைப் பையிலிருந்த விசாரணைப் பிரதியை எடுத்துப் பிரித்து அவன் கையில் கொடுத்தார். அவன் உதடு அசைய அசையப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்பிரிங்கை எடுத்து, இத்தனை நாளும் எதற்கென்று தெரியாமல் வைத்திருந்த பழைய பேனாவுக்குள் போட்டு மூடினார். அமுக்கிப் பார்த்தார். முனை வெளியே வந்தது. மிஷினின் மூடியைப் பழையபடி திருகி வைத்தார், வேலையைப் பாதியில் விடும் பழக்கம் அவருக்கு எப்போதுமே இல்லை.

முதலாவதாக நின்றவர் பித்தானை அமுக்கினார். 'கிர்ர்' என்றது. டிக்கெட் அவரைத் தள்ளிவிட்டுத் தானே அமுக்கினார். மறுபடி அமுக்கினார். மிஷினைக் குத்தினார்.

"டேய் ஃபிட்டரு! பாவி! நான் உனக்கு என்னடா செஞ்சேன்? மறுபடி மாட்டுடா! டேய்!"

கூடம் முழுக்கக் கத்தியது. யாரோ செருப்பை எடுத்து வீசினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஆறு கவுன்ட்டர்களிலும் ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், நம்பர் மாறவில்லை என்று தெரிந்ததும் மெதுவாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். மூன்றாவது கவுன்ட்டர் அம்மாள் மணிக்கட்டை நீவிவிட்டுக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். அத்தனை நாளில் அவர் ஃபிட்டரைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்கு ஒரு தரம்தான்.

"என்னங்க சத்தம்?" என்று மனைவி கேட்டாள். "எதுக்கு எல்லாரும் இப்படிக் கத்தறாங்க?"

"டோக்கன் மிஷின் நின்னுபோச்சு."

"ஐயோ பாவம். நீங்க கொஞ்சம் பாக்கக் கூடாதா?"

"பாத்துட்டேன்" என்றார் ஃபிட்டர். "வா. இங்க ஏழு படி இருக்கு. மெதுவா எறங்கு."